மாகாணிப் பாகம் உழுத தண்டயல்

மேழியில் திசைகாட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏர் உழுத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரோடு ஒரு வருஷம் குப்பை கொட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மறுத்துப் பேச வருகிறவர்கள் தங்கள் ஊரிலிருந்து இன்னொருவரைப் பெட்டியோடு அழைத்து வரட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைப் பெரியபட்டினத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாய்மரத் தோணியின் தலைவரை அந்தக் கரையில் தண்டயல் என்பார்கள். இவரும் தண்டயல்தான். நேரில் கூப்பிடும்போது மட்டும் காக்கா, அதாவது அண்ணன். இருபத்தைந்து வருஷம் இலங்கைக்குக் கூரை ஓடும் கருப்பட்டியும் ஏற்றிப் போய் வந்தவர். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு பாஸ்போர்ட், பர்மிட், சுங்கம் என்று கடலில் வரிசையாக முளைத்தன. "முன்னாடி காத்து ஒத்துக்கிட்டாப் போதும். இப்ப கிளார்க்கும் ஒத்துக்கிடணுமாம்" என்று சொல்லித் தோணியைக் கைகழுவிவிட்டு, திருப்புல்லாணி போகும் பாதையில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கினார். அதற்கு முன் ஏரைத் தொட்டதில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைக்கவும் இல்லை. ஏர் என்பது மண்ணில் ஓடுகிற தோணி, அவ்வளவுதான் அவர் கணக்கு.

மாடுகளுக்கும் அதே பாடம்தான். கரைக்காரர்களுக்குத் திசை என்பது காற்று. வடக்கே வாடை, தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். தண்டயல் தன் இரண்டு காளைகளையும் இந்த நாலு சொல்லுக்குப் பழக்கிவிட்டார். "கொண்டலுக்கு நட!" என்றால் கிழக்கே நடக்கும். "சோழகத்துக்குத் திரும்பு!" என்றால் தெற்கே திரும்பும். வேறு எதைச் சொன்னாலும் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் பக்கத்து நிலத்து இருளப்பன் அந்த ஜோடியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் தொண்டை கட்டித் திரும்பி வந்தார்.

"காக்கா, ஒங்க மாடு திரும்ப மாட்டேங்குது."

"எங்கிட்டுத் திரும்பணும்?"

"எடப்பக்கம்."

"எடப்பக்கம்னா அதுகளுக்கு என்ன தெரியும்? வாடைக்குத் திரும்புன்னு சொல்லு."

"வாடை எங்கன இருக்குன்னு எனக்கு எப்படிக் காக்கா தெரியும்?"

"மாட்டுக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலங்கிறே!"

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் சைக்கிளில் போய் இறங்கினேன். அப்போது நான் அந்த வட்டாரத்துக்குக் கிராம சேவக். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். பயிற்சிப் பள்ளியில் ஏரைத் தொட்டது ஒரே ஒரு நாள், அதுவும் போட்டோவுக்காக. அந்தத் தகுதியோடு, பாட்டன் காலத்திலிருந்து உழுதுகொண்டிருந்தவர்களுக்கு உழவு சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள்.

வந்த காரியம் இது: நாட்டுக்கலப்பையால் உழுவது நல்லதா, இரும்புக்கலப்பையால் உழுவது நல்லதா, டிராக்டரால் உழுவது நல்லதா என்று பக்கத்தில் பக்கத்தில் உழுது விதைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஒரே இடத்தில் மூன்று ஏக்கர் வேண்டும். வட்டாரம் முழுக்கக் கேட்டுவிட்டேன். ஒருவரும் மசியவில்லை. இருளப்பன் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஒங்களுக்குப் பொண்ணு வேணுமின்னாலும் பாத்துத் தாரேன் சார். நெலத்தக் கேக்காதீக."

தண்டயல் ஒரே மூச்சில் சரி என்றார். விதை நெல் ஆபீஸ் தரும் என்று நான் சொன்னதுதான் காரணம். அவருக்கு நெல் அவசரமாக வேண்டியிருந்தது.

அதற்கொரு கதை உண்டு. அவருடைய மனைவியின் தம்பி கொழும்பில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்த சமயத்தில் நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், "மச்சான், இந்தப் பொட்டல்ல எருக்கஞ்செடிகூட ஒங்க பேச்சக் கேட்டு மொளைக்காது" என்று சிரித்திருக்கிறார். தண்டயலுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவருக்கு ஒரே மகள். நோன்பு மாதத்துக்கு முன்னால், மாசியில் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. "எம் மக கலியாணச் சோறு என் நெலத்து அரிசிலதான் வேகும். இல்லேன்னா அன்னிக்கு நான் பந்தியில ஒக்கார மாட்டேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை, சுறாவைக் கண்ணால் பார்க்காமல் இனிமேல் சவரம் செய்துகொள்வதில்லை என்று சொல்லிவிட்டு ஐந்து மாதம் தாடியோடு திரிந்தவர் அவர்.

ஆக, மூன்று ஏக்கரையும் மூன்று துண்டாகப் பிரித்தோம். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். விளைந்ததில் ஆபீஸ் கேட்பதை விலைக்குத் தரவேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

முதல் சண்டை ஆழத்தில் வந்தது. ஆழமாக உழுதால் மண் புரளும், மழைநீர் இறங்கும், விளைச்சல் கூடும் என்று பயிற்சிப் பள்ளியில் எழுதிக்கொண்டு வந்ததை நான் ஒப்பித்தேன். தண்டயல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி அடிமண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காயக் காய வெள்ளையாகப் பூத்தது.

"கீழ உப்புத் தம்பி. அது பாட்டுக்குத் தூங்குது. எழுப்பி மேல கொண்டாந்தீகன்னா பயிரு கருவாடாயிரும்."

"புத்தகத்தில் அப்படி இல்லையே, காக்கா."

"புத்தகம் எழுதுனவரு இங்கன வந்தாரா?"

வரவில்லைதான். ஆனாலும் உத்தரவு உத்தரவு அல்லவா. ஒரு துண்டில் இரும்புக்கலப்பை இறங்கியது.

நாட்டுக்கலப்பைத் துண்டை மட்டும் அவர் இஷ்டத்துக்கு விட்டோம். அப்போதுதான் திசைகாட்டியின் ரகசியம் புரிந்தது. மற்றவர்கள் நிலத்தின் நீளவாக்கில் உழுவார்கள். இவர் பெட்டியைப் பார்த்துப் பார்த்து, கச்சானுக்குக் குறுக்கே உழுதார். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் மேல்காற்று அடித்தால், சோற்றில் பாதி மணல்தான். "காத்து மேல்மண்ண அள்ளிக்கிட்டுப் போவுதுல்ல? குறுக்க சால் போட்டுட்டா, இங்கன அள்ளுனத அடுத்த சால்ல எறக்கி வச்சிட்டுத்தான் போகணும்" என்றார். கட்டிகளையும் உடைக்க விடவில்லை. மற்றவர்கள் ஐந்து உழவு உழுது மாவாக்கிய இடத்தில் இவர் இரண்டே உழவோடு நிறுத்தினார். இருளப்பனின் புழுதி பறந்து வந்து தண்டயலின் சால்களில் தங்கியது. "எம் மண்ணு" என்று இருளப்பன் ஒருநாள் கேட்டு வந்தார். "காத்துக்கிட்டப் போயிக் கேளு" என்று அனுப்பிவிட்டார் தண்டயல்.

ஆழம் அளக்க என்னிடம் அடிக்கோல் கிடையாது. அது ஆபீஸில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. தண்டயலிடம் தோணிக்காலத்துக் கயிறு ஒன்று இருந்தது. நுனியில் ஈயக்குண்டு. கடலில் போட்டு ஆழம் பார்க்கிற கயிறு. பத்தடி நடப்பதற்கு ஒரு தரம் அதைச் சாலில் இறக்கி, தலையை நிமிர்த்தி, வங்காள விரிகுடாவுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார்.

"மாகாணிப் பாகம்!"

இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை ஒரு பாகம், அதாவது ஆறடி. கரைக்காரர்கள் ஆழத்தை அதில்தான் சொல்வார்கள். மாகாணி என்பது பதினாறில் ஒன்று. மாகாணிப் பாகம் என்றால் நாலரை அங்குலம். நாட்டுக்கலப்பைக்கு அது சரியான ஆழம்தான். இரும்புக்கலப்பைத் துண்டில் "அரைக்கால் பாகம்!" என்று, ஏதோ துக்கச் செய்தி சொல்கிற குரலில் அறிவித்தார். எட்டில் ஒன்று, ஒன்பது அங்குலம். நானும் அவர் சொன்னதைச் சொன்னபடியே படிவத்தில் எழுதினேன். அங்குலத்துக்கு மாற்றியிருக்கலாம். வெயிலாக இருந்தது, சோம்பலாகவும் இருந்தது.

டிராக்டர் ராமநாதபுரத்திலிருந்து ஊர்வலமாக வந்தது. பார்க்க நூறு பேர். கால்மணி நேரம் பிரமாதமாக உழுதது. பிறகு ஒரு மணல்குழியில் இறங்கி, பின்சக்கரம் சுற்றச் சுற்ற அடிமண்ணையெல்லாம் மேலே வாரி இறைத்துவிட்டு நின்றுவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தண்டயலைப் பார்த்தேன். அவர் ஈயக்குண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இங்கன ஆழம் பாக்கப்படாது. இது தரை தட்டிருச்சு."

வலை இழுக்கிற ஆட்கள் முப்பது பேர் வந்து, கயிறு கட்டி, பாட்டுப் பாடி அதைக் கரை சேர்த்தார்கள். படிவத்தில் டிராக்டருக்கு எதிரே ஆழம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

புரட்டாசியில் விதைத்தோம். மழை அந்த வருஷம் ஒழுங்காகவே பெய்தது. கார்த்திகைக்குள் வித்தியாசம் பாதையில் போகிறவர்களுக்கே தெரிந்தது. இரும்புக்கலப்பைத் துண்டில் உப்புப் பூத்து, நாற்று நுனி கருகி, தண்டயல் சொன்ன கருவாடு ஆயிற்று. டிராக்டர் துண்டிலும் அதே கதி. நாட்டுக்கலப்பைத் துண்டில் பயிர் பச்சென்று நின்றது. மூன்று ஏக்கரை நம்பியிருந்தவருக்கு ஒரு ஏக்கர்தான் மிஞ்சியது. தண்டயல் கதிரைத் தடவித் தடவிப் பார்த்து, விருந்துக்கு எத்தனை படி வேண்டும் என்று விரலை மடக்கிப் பார்த்து, "அல்லா காப்பாத்துனான். பந்திக்குச் சரியாப் போகும்" என்றார். ஒரு மூட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் அறிக்கை அனுப்பினேன். இரும்புக்கலப்பை, உழவு அரைக்கால் பாகம், பயிர் பொய்த்தது. நாட்டுக்கலப்பை, உழவு மாகாணிப் பாகம், பயிர் செழிப்பு.

ஜில்லா ஆபீஸில் அதைப் படித்தவர்கள் உள்நாட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பாகம் என்றால் பங்கு, அண்ணன் தம்பி பிரித்துக்கொள்கிற பங்கு. நிலத்தில் எட்டில் ஒரு பங்கை உழுதால் பயிர் சாகிறது, பதினாறில் ஒரு பங்கை மட்டும் உழுதுவிட்டு மற்றதைச் சும்மா போட்டால் செழிக்கிறது! உழவு குறையக் குறைய விளைச்சல் கூடும் என்று ஒரு மாபெரும் உண்மை அங்கே பிறந்துவிட்டது.

தை மாதம், அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரண்டு ஜீப்புகள் வந்தன. பெரிய அதிகாரி, சின்ன அதிகாரிகள், ஒரு போட்டோக்காரர். பெரிய அதிகாரி இறங்கும்போதே கையில் என் அறிக்கை.

"மாகாணிப் பாகம் உழுதது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அதாவது, பதினாறுல ஒரு பங்கு நிலத்தை மட்டும் உழுதிருக்கீங்க. மத்ததைத் தொடவே இல்லை. அப்படித்தானே?"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. தண்டயல் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு சிரிப்பு. "அது இல்லிங்க, பாகம்னா..." என்று ஆரம்பித்து, காட்டுவதற்காக இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "போன மாசம் ஒருத்தன் தப்பா ரிப்போர்ட் எழுதினான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன். இதுல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் உனக்கும் அதே மரியாதைதான். சரியாத்தானே எழுதியிருக்கே?"

நான் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். விரித்த கைகள் விரித்தபடி தண்டயல் என்னைப் பார்த்தார். பிறகு, அந்தக் கைகளை அப்படியே மேலே தூக்கி, முதுகை வளைத்து, வாயைப் பிளந்து, நிதானமாகச் சோம்பல் முறித்தார்.

"ஆமாங்க. பதினாறுல ஒண்ணுதான்."

"எந்தப் பங்கை உழுதீங்க?"

"காத்து வார பக்கமுங்க."

அதிகாரி குறித்துக்கொண்டார். "மத்த பதினஞ்சு பங்கை?"

"அத... பாத்துக்கிட்டே நின்னேங்க."

அதையும் குறித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். அதோடு போயிருந்தால் நான் இதைச் சிரிப்புக் கதையாக மட்டும் எழுதியிருப்பேன். கிளம்பும்போது அதிகாரி ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியை நினைவுபடுத்தினார். இது சாதாரண நெல் அல்ல, விதைக்கு வேண்டும், முழுவதையும் ஆபீஸ் எடுத்துக்கொள்ளும், சர்க்கார் விலை உண்டு.

தண்டயல் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "மகளுக்கு நிக்காஹுங்க. ரெண்டு மூட்டையாச்சும்..."

"ஒரு மணிகூட வெளியில போகக்கூடாது, பெரியவரே. நாட்டுக்கே பிரயோஜனமான விஷயம்."

நான் வாயைத் திறந்திருந்தால் அந்த நெல் வெறும் நெல்லாகியிருக்கும், அவர் வீட்டுக்குப் போயிருக்கும். நான் திறக்கவில்லை. ஊரில் என் சம்பளத்தை எதிர்பார்த்து ஐந்து பேர் இருந்தார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம்.

ஜீப் போனதும், "காக்கா, நான் நாளைக்கே போய்ச் சொல்லிடுறேன்" என்று முனகினேன்.

"என்னத்தச் சொல்லப்போறே? மாகாணின்னா பதினாறுல ஒண்ணுதான? ஆபீசர் சொன்னதுல தப்பில்லியே. எதுல பதினாறுல ஒண்ணுன்னு அவரு கேக்கல, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு மாட்டைக் கச்சானுக்குத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினார். நான் மறுநாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை.

அந்த நெல் ஒரு கண்காட்சியில் கண்ணாடி ஜாடிக்குள் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். நிலத்தின் பெரும்பகுதியை உழாமல் விடுமாறு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. விவசாயிகள் நல்லவேளையாக எங்கள் சுற்றறிக்கைகளைப் படிப்பதில்லை. இப்போது, மண்ணை அதிகம் கிளறாமல் விதைப்பதுதான் மண்ணுக்கு நல்லது என்று நிறையப் படித்தவர்கள் சொல்கிறார்களாம். நாங்கள் அதைச் சோம்பேறித்தனத்தால் அப்போதே கண்டுபிடித்துவிட்டோம்.

மாசியில் நிக்காஹ் நடந்தது. ராமநாதபுரத்துக் கடை அரிசியில் நெய்ச்சோறு. பந்தலில் ஜமுக்காளம் விரித்து, நாலைந்து பேருக்கு ஒரு பெரிய தாம்பாளமாக வைத்தார்கள். தண்டயல் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தாம்பாளமாகப் பரிமாறினார். முதல் பந்தி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. வீட்டார் பந்தியிலும் அவர் உட்காரவில்லை. கொழும்பு மச்சான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நான் ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன். வந்து ஒக்காருங்க."

"நீ சொன்னதுக்கு இல்ல மச்சான். நான் சொன்னதுக்கு" என்றார் தண்டயல், ஒரு கோபமும் இல்லாமல்.

என் தாம்பாளத்துக்கு வந்தபோது நான் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அவர் குனிந்து, பெரிய கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

"தின்னுலே. வேல போயிருந்தா ஒனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஒன் கலியாணத்துக்கு வந்து ஒக்காந்து திங்கிறேன், போ."

இரண்டு வருஷம் கழித்து, சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் என் கல்யாணம். மூன்று பஸ் மாறி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். கழுத்தில் மாலையோடு நான் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை பரிமாறுவதாவது என்று என் மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். தண்டயல் நிதானமாகச் சாப்பிட்டு, இலையைக் காட்டி, மறு சோறு கேட்டார். அப்போது எனக்கு உண்டான சந்தோஷம் தாலி கட்டியபோதுகூட உண்டாகவில்லை. என் மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.